முழங்கால் ஆழத்தில் ஏழு மைல்

ஜனவரி மாதத்து மூன்றாம் சனிக்கிழமை, காலை எட்டே கால். குட்மேய்ஸில் எங்கள் வீட்டு வாசலில் குலம் அண்ணையின் வான் வந்து நின்றது. கூரையில் பச்சை நிற வள்ளம் ஒன்று கவிழ்த்துக் கட்டப்பட்டிருந்தது. குப்பை வாளியை வெளியே இழுத்துக்கொண்டு வந்த எதிர்வீட்டுக்காரர் வள்ளத்தைப் பார்த்தார், வானத்தைப் பார்த்தார், உள்ளே போய்விட்டார். வெளியே மூன்று பாகை குளிர். ஒரு கிழமையாக மழை இல்லை, உறைபனி மட்டும்தான்.

இந்தப் பயணம் ரேவதிக்காக. ரேவதி இரண்டு வருடமாக என் வீட்டு மேல் அறையில் குடியிருந்தவள். முசிறிப் பக்கத்துப் பிள்ளை, முப்பத்தொரு வயது. பராமரிப்பு வேலைக்கான விசாவில் வந்து, வீடு வீடாகப் போய் முதியவர்களைக் குளிப்பாட்டி, உடுப்பு மாற்றி, மருந்து கொடுக்கிற வேலை செய்தாள். அவளை வேலைக்கு எடுத்த நிறுவனத்துக்கு வெளிநாட்டவரை அமர்த்த இருந்த உரிமம் நவம்பரில் பறிபோனது. பிழை நிறுவனத்தினுடையது. கடிதம் வந்தது வேலை செய்தவர்களுக்கு. அறுபது நாளுக்குள் வேறு நிறுவனம் தேட வேண்டும், இல்லாவிட்டால் நாட்டை விட்டுப் போக வேண்டும். அறுபதாவது நாள் வருகிற புதன்கிழமை. செவ்வாய்க்கிழமைக்கு விமானச் சீட்டு எடுத்தாயிற்று.

ஒரேயொரு நம்பிக்கை மிச்சம் இருந்தது. லெஸ்டரில் ஒரு பராமரிப்பு இல்லம் அவளை வீடியோவில் நேர்காணல் செய்திருந்தது. சனிக்கிழமை மதியத்துக்குள் முடிவு சொல்கிறோம் என்றார்கள். அந்தச் சனிக்கிழமைதான் இது.

போவதற்கு முன் லண்டனில் எதைப் பார்க்க ஆசை என்று போன கிழமை அவளிடம் கேட்டிருந்தேன். அரண்மனை, கோபுரம், ராட்சத ராட்டினம் என்று ஏதாவது சொல்வாள், விடுமுறை எடுத்துக்கொண்டு கூட்டிப்போகலாம் என்பது என் நினைப்பு. நான் ஈஸ்ட் ஹாமில் ஒரு மரக்கறிக் கடையில் காசு வாங்கும் இடத்தில் நிற்கிறவள். சனிக்கிழமை விடுப்புக் கேட்பது அங்கே லேசான காரியமில்லை.

அவள் கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னாள்: “இல்ஃபோர்ட் பாலத்துக்குக் கீழ ஒரு ஆறு போகுது, பாத்திருக்கீங்களா அக்கா? ரெண்டு வருஷமா 86ஆம் நம்பர் பஸ்ல உக்காந்து பாக்கிறேன். பஸ்ஸு தாண்டுறதுக்குள்ள மூணு செகண்ட்தான். அது எங்கேருந்து வருது, எங்க போகுதுன்னு தெரியாமலே ஊருக்குப் போகப்போறேன்.”

நான் இருபத்தேழு வருடமாக அந்தப் பாலத்தைக் கடக்கிறேன். அங்கே ஓர் ஆறு இருப்பதைக் கவனித்ததே இல்லை. அதன் பெயர் ரோடிங் என்று குலம் அண்ணையிடம் கேட்டுத்தான் தெரிந்துகொண்டேன்.

குலம் அண்ணை எலெக்ட்ரீஷியன். வயது அறுபத்தொன்று. எங்கள் தெருவுக்கு இரண்டு தெரு தள்ளி வீடு. யாழ்ப்பாணத்திலிருந்து டென்மார்க் போய், அங்கே பதினான்கு வருடம் இருந்து, பிள்ளைகள் ஆங்கிலத்தில் படிக்க வேண்டும் என்று லண்டன் வந்தவர். வரும்போது தளபாடங்களை விற்றுவிட்டு இந்த வள்ளத்தை மட்டும் வான் கூரையில் கட்டிக்கொண்டு வந்ததாக அவர் மனைவி இன்றைக்கும் திட்டுவார். ஆறு என்ற சொல்லைக் கேட்டதும் மனுசன் எழும்பி நின்றுவிட்டார்.

“வூட்ஃபோர்ட் பிரிட்ஜிலை இறக்கினா, பார்க்கிங் எண்ட ஊர்த்துறை வரைக்கும் ஏழு மைல். ஆனா மாரியிலை மழை இல்லாட்டி தண்ணி முழங்காலுக்குத்தான் வரும். இழுத்து இழுத்துத்தான் போகவேணும். ஏலுமோ?”

“ஏலும்” என்றேன். எனக்கு ஐம்பத்துநாலு வயது. வள்ளத்தில் கடைசியாக ஏறியது இலங்கையில், போர்க் காலத்தில், இயக்கச்சி தாண்டிக் கடல்நீரேரியைக் கடந்தபோது. அது உல்லாசப் பயணம் இல்லை.

ஒன்பது இருபது. வூட்ஃபோர்ட் பிரிட்ஜ். ஒரு விளையாட்டுத் திடலின் ஓரத்தில் வானை நிறுத்திவிட்டு, உறைந்த புல்லின் மேல் வள்ளத்தைத் தூக்கிக்கொண்டு நடந்தோம். ஒரு படகுக் கழகத்தில் ஆளுக்கு எட்டுப் பவுண்ட் கொடுத்து லைஃப் ஜாக்கெட் வாடகைக்கு எடுத்திருந்தார் அண்ணை. மாற்று உடுப்பு ஒரு செட்டும் ஒரு துவாயும் தண்ணீர் புகாத பையில் கட்டாயம் வேண்டும் என்று முன்கூட்டியே சொல்லியிருந்தார். அவர் மட்டும் மார்பு வரைக்கும் வருகிற ரப்பர் காற்சட்டை போட்டிருந்தார். பார்க்க மீன் சந்தை ஆள் மாதிரி இருந்தது.

ஆற்றைப் பார்த்ததும் எனக்கு ஏமாற்றம். பதினைந்து அடி அகலம் இருந்தால் அதிகம். இரண்டு கரையிலும் சேறு, செத்துப்போன நாணல், இலை உதிர்ந்த வில்லோ மரங்கள். கிளைகளில் மனிதர்கள் கழிப்பறைக்குள் போட்ட ஈரத் துடைதாள்கள் போன வெள்ளத்தின் உயரத்துக்குத் தொங்கின, யாரோ துணி காயப்போட்டு மறந்துபோனது மாதிரி. தண்ணீர் தேயிலைச் சாயத்தின் நிறம். அடியில் கிடந்த கூழாங்கல்லை எண்ணலாம்.

“இதுதானா?” என்றேன்.

“இதுதான் அக்கா” என்றாள் ரேவதி. அவள் முகத்தில் ஏமாற்றம் இல்லை. பஸ் ஜன்னலில் மூன்று விநாடி பார்த்ததன் மிச்சம் இவ்வளவு இருக்கிறதே என்று பார்ப்பவள் மாதிரி நின்றாள்.

அவளை முன்னுக்கு இருத்தினார் அண்ணை. நடுவில் நான், ஒரு கவிழ்த்த பெட்டியின் மேல். பின்னால் அவர். ரேவதியின் கழுத்தில் ஒரு பிளாஸ்டிக் உறைக்குள் ஃபோன் தொங்கியது. வள்ளம் புறப்பட்டு இருபது யார்ட் போவதற்குள் கல்லில் உரசி நின்றது. அண்ணை இறங்கித் தள்ளினார். ஏறினார். மறுபடியும் உரசியது. மறுபடியும் இறங்கினார்.

“டென்மார்க்கிலை ஆறெண்டா ஆறு” என்றார் மூச்சு வாங்கிக்கொண்டு.

பத்தே கால். நெடுஞ்சாலைகள் ஒன்றின் மேல் ஒன்றாகக் குறுக்கே போகும் இடத்துக்கு வந்தோம். ஆறு அந்தக் கொங்கிரீட் தூண்களுக்கு நடுவால் ஒளித்துக்கொண்டு ஓடுகிறது. மேலே லாரிகள் போகும்போது தூண்கள் உறுமின. வெளிச்சம் குறைந்தது. ஒரு தூணடியில் யாரோ கூடாரம் போட்டுத் தங்கியிருந்தார்கள். வாசலில் இரண்டு சோடி சப்பாத்துகள் ஒழுங்காக வைக்கப்பட்டிருந்தன. நாங்கள் சத்தம் போடாமல் கடந்தோம். அடுத்தவன் வீட்டு அறைக்குள்ளால் போகிற மாதிரி இருந்தது.

அதைத் தாண்டியதும் மின்கம்பக் கோபுரங்கள் ஆற்றோடு சேர்ந்து வரத் தொடங்கின. ஈரக் காற்றில் கம்பிகள் ரீங்காரமிட்டன. அண்ணைக்கு மட்டும் அது சங்கீதம். எந்தக் கோபுரத்தில் எத்தனை கம்பி, எது எங்கே போகிறது என்று சொல்லிக்கொண்டே வந்தார். ரேவதி துடுப்பை மடியில் வைத்துக்கொண்டு பத்து நிமிடத்துக்கு ஒரு தரம் ஃபோனைத் தூக்கிப் பார்த்தாள். சிக்னல் இருக்கிறதா என்று பார்ப்பதாகச் சொன்னாள்.

ஒரு வெள்ளைக் கொக்கு எங்களுக்கு முன்னால் பறந்து பறந்து போய் உட்கார்ந்தது. நாங்கள் கிட்டப் போனதும் எழும்பும், நூறு யார்ட் தள்ளி மறுபடி இறங்கும். திரும்பி எங்களைக் கடந்து போனால் அதன் தொல்லை முடிந்துவிடும். அது அதற்குத் தெரியவில்லை.

“ஊர்ல காவேரியிலயும் இதே கொக்குதான்” என்றாள். “விசா கேக்க மாட்டாங்க போல.”

அதுதான் அன்றைக்கு அவள் சொன்ன ஒரே பகிடி. நாங்கள் இரண்டு பேரும் தேவைக்கு மேலே சிரித்தோம்.

பதினொன்று ஐம்பது. வான்ஸ்டெட் பூங்காவின் ஓரமாகப் போகும் வளைவில் ஒரு வில்லோ மரம் ஆற்றுக்குக் குறுக்கே விழுந்து கிடந்தது. வலப்பக்கக் கரையோரம் மட்டும் ஒரு வள்ளம் நுழையக்கூடிய இடைவெளி. முன்பக்கம் கிளைக்குள் மாட்டிக்கொண்டது. அண்ணை இறங்கி, பின்னாலிருந்து நெம்பினார். “சாந்தி, நீ அசையாதை” என்றார். எனக்கு எதிரே ஒரு கிளை முகத்துக்கு நேரே நின்றது. அதைத் தள்ளிவிட்டால் போதும் என்று தோன்றியது. பாதி எழுந்து இரண்டு கையாலும் தள்ளினேன். கிளை அசையவில்லை. வள்ளம் அசைந்தது.

முழங்கால் ஆழம் என்று நான் நம்பிக்கொண்டு வந்த ஆறு, மரம் விழுந்த இடத்தில் மட்டும் நிலத்தைக் குடைந்து இடுப்புக்கு மேலே ஆழமாகியிருந்தது. பக்கவாட்டில் விழுந்தேன். தலை உள்ளே போனது. குளிர் என்று அதைச் சொல்ல முடியாது. நெஞ்சில் யாரோ இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்த மாதிரி மூச்சு உள்ளே போக மறுத்தது. கத்த வாய் திறந்தேன், சத்தம் வரவில்லை. லைஃப் ஜாக்கெட்டின் தோள் பட்டியைப் பிடித்து அண்ணை என்னை ஒரு மூட்டை மாதிரித் தூக்கிக் கரையில் போட்டார். ரேவதி முன்பக்கத்திலிருந்து நேரே கரைக்குத் தாண்டி, பையோடு ஓடி வந்தாள்.

“அண்ணே, அந்தப் பக்கம் திரும்பி நில்லுங்க.”

அவள் குரல் மாறியிருந்தது. இரண்டு வருடமாக என் வீட்டுச் சமையலறையில் கேட்ட குரல் இல்லை. என் ஜாக்கெட்டின் கொக்கி, சிப், ஸ்வெட்டர், உள்ளே போட்டிருந்த சட்டை, ஒவ்வொன்றாக, வேகமாக, ஆனால் அவசரம் தெரியாமல் கழற்றினாள். என் பற்கள் ஒன்றோடொன்று அடித்தன. விரல்கள் எனக்குச் சொந்தமில்லாதவை போல் தொங்கின. அவள் துவாயால் தேய்க்கவில்லை, ஒற்றி ஒற்றி எடுத்தாள். முதலில் நெஞ்சு, முதுகு, பிறகு தலை.

“ரைட் ஆர்ம் ஃபர்ஸ்ட். தட்ஸ் இட். லவ்லி. நௌ த லெஃப்ட்.”

என்னோடு அவள் ஆங்கிலம் பேசியதே இல்லை. இது அவள் தினம் பதினொரு வீடுகளில் பேசிவந்த ஆங்கிலம். அந்நிய மனிதர்கள் அம்மணமாக அவள் முன் நிற்கும்போது அவர்களுக்குக் கூச்சம் வராமல் இருப்பதற்காகப் பேசுவது. எனக்கும் கூச்சம் வரவில்லை. ஆற்றங்கரையில், உறைபனியில், ஐம்பத்துநாலு வயது உடம்போடு உட்கார்ந்திருந்தேன், ஒரு குழந்தை போல எல்லாக் கையையும் காலையும் அவளிடம் கொடுத்துவிட்டு. இவளைத்தான் செவ்வாய்க்கிழமை அனுப்பப் போகிறார்கள் என்று அப்போது நினைத்தேன். அதுவரை அந்தச் செய்தி எனக்குத் தெரிந்திருந்தது. அந்த இடத்தில்தான் அது உறைத்தது.

அந்த நேரம் பார்த்து ஃபோன் அடித்தது.

அவள் கழுத்தில், என் முகத்துக்கு அரை முழம் தள்ளி, பிளாஸ்டிக் உறைக்குள் திரை ஒளிர்ந்தது. லெஸ்டர் இலக்கம். அவள் குனிந்து பார்த்தாள். அவள் இரண்டு கையும் என் காற்சட்டையின் பொத்தானில் இருந்தன.

“எடு” என்றேன். “ரேவதி, எடு!”

“இருங்க அக்கா.”

பொத்தானைப் போட்டாள். தன் கம்பளித் தொப்பியைக் கழற்றி என் தலையில் காது மறையும்படி இழுத்துவிட்டாள். என் பாதங்களைத் தன் மடியில் வைத்துக் காலுறையை ஏற்றினாள். ஃபோன் அடித்து அடித்து நின்றது.

பன்னிரண்டரை. அண்ணை சின்ன எரிவாயு அடுப்பில் தேத்தண்ணி வைத்தார். இல்ஃபோர்டில் ஒன்றரைப் பவுண்டுக்கு ஒன்றாக வாங்கிய ஆட்டிறைச்சி ரோல்ஸ் ஆறு இருந்தன. என் கை நடுக்கம் அடங்கும்வரை கோப்பையைத் தன் கையால் பிடித்துக்கொண்டிருந்துவிட்டு, ரேவதி எழுந்து வேலி வரைக்கும் நடந்து போனாள். வேலிக்கு அந்தப் பக்கம் கோல்ஃப் மைதானம். வெறுமையாகக் கிடந்தது. அவள் திருப்பி அழைத்துப் பேசுவதைப் பின்னால் இருந்து பார்த்தேன். இரண்டு முறை தலையாட்டினாள். ஃபோனில் பேசும்போது தலையாட்டினால் யாருக்குத் தெரியும்?

திரும்பி வந்து ஒரு ரோலை எடுத்துக் கடித்தாள். மென்று விழுங்கிய பிறகு சொன்னாள்: “இல்லைன்னுட்டாங்க. வேற ஆளை எடுத்துட்டாங்களாம்.”

“நீ உடனை எடுத்திருந்தா…?”

“நேத்தே முடிவு பண்ணியாச்சாம் அக்கா. சொல்றதுக்குத்தான் கூப்பிட்டாங்க. நீங்க விழுந்ததால ஒண்ணும் ஆகல.”

எனக்குள் ஒரு பாரம் இறங்கியது. அதை மறைக்காமல் எழுதுகிறேன். அவளுடைய கடைசிக் கதவு சாத்தப்பட்ட அந்த நிமிடத்தில் எனக்கு முதலில் வந்தது ஆறுதல், அது என்னால் சாத்தப்படவில்லை என்று. அடுத்த நிமிடம் வெட்கம் வந்தது. வெட்கம் இன்னும் போகவில்லை.

குலம் அண்ணை தொண்டையைச் செருமினார். “பிள்ளை, இவ்வளவும் போதும். உந்த வழியாலை நடந்தா பத்து நிமிசத்திலை ரோட்டு. நான் வானை எடுத்துக்கொண்டு வாறன். வீட்டை போவம்.”

ரேவதி ஆற்றைப் பார்த்தாள். “இல்லண்ணே. போயிடலாம். இவ்வளவு தூரம் வந்துட்டு பாதியில எறங்கி வீட்ல போய் என்ன பண்றது? பெட்டிதான் கட்டணும்.”

அவர் என்னைப் பார்த்தார். நான் உலர்ந்த உடுப்போடு இருந்தேன், கால் விரல்களுக்கு உணர்ச்சி திரும்பியிருந்தது. எழும்பி வள்ளத்தின் ஒரு பக்கத்தைப் பிடித்தேன்.

இரண்டு பத்து. இல்ஃபோர்ட் பாலம். கீழே இருந்து பார்த்தால் அது பாலம் மாதிரியே இல்லை. கறுத்த ஈரச் சுவர், மேலே இருந்து சொட்டும் தண்ணீர், யாரோ எறிந்த சூப்பர் மார்க்கெட் தள்ளுவண்டி ஒன்று சக்கரம் மேலே பார்க்கத் தலைகுப்புறக் கிடந்தது. ரேவதி துடுப்பால் சுவரைத் தொட்டு வள்ளத்தை நிறுத்தினாள். மேலே பஸ் ஒன்று போகும் அதிர்வு கேட்டது. அவள் நிமிர்ந்து பார்த்தாள். பார்க்க ஒன்றும் இல்லை, கொங்கிரீட்டின் அடிப்பாகம்தான். ஒரு நிமிடம் அப்படியே இருந்துவிட்டு, “சரி, போலாம்” என்றாள். படம் எடுக்கட்டுமா என்று கேட்டேன். வேண்டாம் என்றாள்.

பாலத்தைத் தாண்டியதும் ஆறு வேறு ஆறாகிவிடுகிறது. இங்கே கடலின் வற்றுப்பெருக்கு தேம்ஸ் வழியாக உள்ளே வரைக்கும் வருகிறது. வடக்கு வட்டச் சாலை பக்கத்திலேயே இரைந்துகொண்டு ஓடுகிறது. அண்ணை காலையிலேயே வற்றுப்பெருக்கு நேரத்தைப் பார்த்துக் கணக்குப் போட்டிருந்தார். ஒன்றேமுக்காலுக்குத் தண்ணீர் உச்சத்தில் இருக்கும், நாங்கள் அந்த நேரத்தில் பார்க்கிங் துறையில் இறங்கிவிடலாம் என்பது திட்டம். நான் விழுந்ததில் ஒன்றரை மணித்தியாலம் பிந்திவிட்டோம். தண்ணீர் இப்போது எங்களை விட வேகமாகக் கடலுக்குத் திரும்பிக்கொண்டிருந்தது.

மூன்று இருபத்தைந்து. பார்க்கிங் துறைக்கு அரை மைல் இருக்கும்போது வள்ளம் சேற்றில் அமர்ந்தது. இது கல்லில் உரசுவது மாதிரி இல்லை. மெத்தையில் உட்கார்ந்த மாதிரி மெதுவாக அமர்ந்தது. சுற்றிவரத் தண்ணீர் விலகிக்கொண்டே போய், பத்து நிமிடத்தில் எங்களுக்கு இரண்டு பக்கமும் சாம்பல் நிறத்தில் பளபளத்த சேறு மட்டும் மிஞ்சியது. நடுவில் வாய்க்கால் அளவு ஓடை. அண்ணை துடுப்பைச் சேற்றில் குத்திப் பார்த்தார். துடுப்பு முழுவதும் உள்ளே போனது.

“நான் இறங்கினா திரும்பி வரமாட்டன்” என்றார். இந்த முறை டென்மார்க்கை இழுக்கவில்லை.

ஐம்பது யார்ட் தள்ளி, கரையோரம் வரிசையாக வீட்டுப் படகுகள் கட்டியிருந்தன. ஒன்றின் புகைபோக்கியில் புகை வந்தது. அண்ணை எழும்பி நிற்காமல், உட்கார்ந்தபடியே கையை வாயில் குவித்துக் கூப்பிட்டார். சாலை இரைச்சலில் அவர் குரல் எங்கே போகிறது? வெளிச்சம் மங்கத் தொடங்கியிருந்தது. ஐந்து நிமிடத்துக்கு ஒரு தரம் கூப்பிடுவது என்று முடிவானது.

அந்த இடைவெளியில்தான் நான் அதைச் சொன்னேன். சொல்ல வேண்டும் என்று திட்டமிட்டு வரவில்லை.

செப்டெம்பரில் ரேவதிக்கு நொட்டிங்ஹாமில் ஒரு வேலை வந்தது. அவளோடு முன்பு வேலை செய்த ஒரு பெண், தன் பராமரிப்பு இல்லத்தில் இடம் இருக்கிறது, விசாவையும் அவர்களே மாற்றிக்கொள்வார்கள் என்று சொல்லியிருந்தாள். அன்றைக்கு இரவுச் சாப்பாட்டின்போது ரேவதி என் அபிப்பிராயம் கேட்டாள். நான், நொட்டிங்ஹாமில் குளிர் கூட, தமிழ் ஆட்கள் குறைவு, இங்கே நிறுவனம் பெரியது, ஒன்றும் நடக்காது, அவசரப்படாதே என்றேன். அவள் போகவில்லை. ஒன்பது கிழமைக்குப் பிறகு நிறுவனத்தின் உரிமம் போனது.

“ரேவதி” என்றேன் அவள் முதுகைப் பார்த்து. “செப்டெம்பரிலை நான் உன்னைப் போகாதை எண்டு சொன்னது குளிருக்காக இல்லை.”

அவள் திரும்பவில்லை.

“மகன் மான்செஸ்டரிலை. மனுசன் விட்டிட்டுப் போய்ப் பதினொரு வருசம். நீ வந்த பிறகுதான் அந்த வீட்டிலை ஆரோ கதவைத் திறக்கிற சத்தம் கேட்டுது. நீ போனா நான் தனிய எண்டு யோசிச்சன். அதுக்காகத்தான் சொன்னன்.”

பின்னால் குலம் அண்ணை மின்கம்பக் கோபுரத்தை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார் என்று நினைக்கிறேன்.

சேற்றில் எங்கோ குமிழி உடையும் சத்தம் கேட்டது.

“எனக்குத் தெரியும் அக்கா” என்றாள் கடைசியில். “அன்னைக்கே தெரியும். மேல போய் ரூம்ல படுத்து அழுதேன். துக்கத்துல இல்ல. இந்த ஊருக்கு வந்து ஒருத்தங்க என்னை இருன்னு சொல்றாங்களேன்னு.”

அவள் அத்தோடு நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை. வள்ளத்தின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு, முதல் முறையாகத் திரும்பி என்னைப் பார்த்தாள்.

“ஆனா அதை நீங்க அப்படியே சொல்லியிருக்கணும். நீ இல்லாம எனக்கு முடியாதுன்னு சொல்லியிருந்தா, இருக்கிறதா போறதான்னு நான் முடிவு பண்ணியிருப்பேன். ஒருவேளை இருந்திருப்பேன். அப்ப இது என் முடிவு. நீங்க குளிருன்னு சொன்னீங்க. கம்பெனி பெருசுன்னு சொன்னீங்க.”

மன்னித்துக்கொள் என்று சொன்னேன். அந்தச் சேற்று வெளியில் அது மிகச் சின்னச் சொல்லாகக் கேட்டது. அவள் தலையாட்டினாள். மறுபடி முன்பக்கம் திரும்பிக்கொண்டாள்.

நாலு மணிக்குக் கொஞ்சம் முந்தி, புகை வந்த படகின் கதவைத் திறந்துகொண்டு ஒரு நாயும் அதன் பின்னால் ஒரு வெள்ளைக்காரப் பெண்மணியும் வெளியே வந்தார்கள். நாய்தான் எங்களை முதலில் கண்டது. அந்தப் பெண்மணி உள்ளே போய்க் கயிற்றுச் சுருளோடு வந்தார். மூன்றாவது எறியில் கயிறு எங்களுக்கு எட்டியது. பக்கத்துப் படகுக்காரரும் வந்து கைகொடுத்தார். தண்ணீரே இல்லாமல் சேற்றின் மேல் வழுக்கி வழுக்கி வள்ளம் அவர்கள் படகோடு போய் ஒட்டியது.

“எங்கேயிருந்து வருகிறீர்கள்?” என்று கேட்டார் அவர்.

அண்ணை “வூட்ஃபோர்ட் பிரிட்ஜ்” என்றார்.

“ஜனவரியிலா?”

அவர் எங்களை உள்ளே ஏற்றினார். மூன்று பேருக்கும் சூடான சூப் தந்தார். ரேவதி அவருடைய வீங்கிய மணிக்கட்டைப் பார்த்துவிட்டு, கயிறு இழுத்ததால் வந்ததா, முதலே இருந்ததா என்று விசாரித்து, எப்படிக் கட்டுப்போட வேண்டும் என்று காட்டிக்கொடுத்தாள். எந்த மருத்துவமனையில் வேலை செய்கிறாய் என்று அவர் கேட்டார். “நான் விடுமுறையில் இருக்கிறேன்” என்றாள் ரேவதி.

செவ்வாய்க்கிழமை. குட்மேய்ஸிலிருந்து எலிசபெத் லைனில் ஹீத்ரோ. இரண்டு பெட்டி, ஒவ்வொன்றும் இருபத்துமூன்று கிலோ. விமானம் கொழும்பு வழியாகத் திருச்சிக்கு.

“உங்க ஊர்ல மூணு மணி நேரம் நிக்கப்போறேன் அக்கா” என்றாள் ரயிலில். ரயில் சுரங்கத்துக்குள் போனபோது கண்ணாடியில் எங்கள் இரண்டு முகமும் தெரிந்தன.

நானும் ஒரு காலத்தில் இந்த நாட்டை விட்டுப் போகச் சொல்லப்பட்டவள்தான். அகதி என்று விண்ணப்பித்து, இரண்டு தடவை மறுக்கப்பட்டு, இரண்டு தடவை கடிதம் வந்து, வழக்கறிஞர்களின் படியேறி இறங்கி ஏழு வருடம் காத்திருந்தேன். ஆனால் என்னிடம் சொல்வதற்கு ஒரு போர் இருந்தது. எரிந்த வீட்டின் படம் இருந்தது, செத்தவர்களின் பெயர்கள் இருந்தன. அதிகாரி கேட்டபோதெல்லாம் அவற்றை எடுத்து மேசையில் வைத்தேன். ரேவதியிடம் வைப்பதற்கு ஒன்றும் இல்லை. அவள் நாட்டில் போர் நடக்கவில்லை. அவள் ஆட்களைக் குளிப்பாட்டினாள், நேரத்துக்கு மருந்து கொடுத்தாள், அவ்வளவுதான். இந்த நாட்டில் தங்குவதற்கு உழைப்பு ஒரு காரணமாகாது என்பதை அந்த ரயிலில்தான் முழுதாக விளங்கிக்கொண்டேன். என் துயரத்தை நான் அதிர்ஷ்டம் என்று நினைத்த நாள் அது ஒன்றுதான்.

மூன்றாம் முனையத்தில், பாதுகாப்புச் சோதனைக்கு முன்னால், கட்டிப்பிடித்தோம். அவள் என் முதுகைத் தடவிக்கொடுத்தாள். நான் சொல்ல நினைத்ததை அவள் கையமர்த்தி நிறுத்தினாள்.

“அக்கா, நான் இன்னும் கோவமாத்தான் இருக்கேன். பொய் சொல்ல வரல. அது போயிடும்னு நெனைக்கிறேன். போனதும் நானே கூப்பிடுறேன்.”

“ஓம்” என்றேன். அவள் வரிசையில் போய் நின்றாள். பெல்ட்டைக் கழற்றித் தட்டில் வைத்தாள், ஃபோனை வைத்தாள். பிறகு முன்னால் நின்ற ஓர் உயரமான மனிதர் மறைத்துக்கொண்டார்.

இதை எழுதும்போது ஆறு கிழமை ஆகிறது. நல்லபடியாக வந்து சேர்ந்தாள் என்று அவள் தம்பி ஒரு செய்தி அனுப்பியிருந்தான். வள்ளத்தில் அவள் முன்னால் உட்கார்ந்திருக்கும் படங்கள் நான்கைக் குலம் அண்ணை எடுத்து வைத்திருந்தார், எல்லாம் முதுகுப் பக்கம். அவற்றை வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். நான்கிலும் இரண்டு நீலக் கோடுகள் விழுந்திருக்கின்றன. அவள் இன்னும் கூப்பிடவில்லை.